பதினாறு பக்கங்களில் ஒரு சங்கீதப் பத்திரிகை

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால், க்ஷேம லாபங்களை விசாரித்த பிறகு பேச்சு தவறாமல் குழந்தைகளின் தமிழைப் பற்றித் திரும்பும். வாயில் தமிழ் வருகிறது, கையில் வரவில்லை என்பதே பொதுவான முறையீடு. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பினால், உயிரெழுத்தோடு பல குழந்தைகளின் ஆர்வம் உறங்கிவிடுகிறது. "தமிழில் எழுதி என்ன செய்வது? யாருக்கு எழுதுவது?" என்று குழந்தை கேட்டால் பெற்றோரிடம் தக்க பதில் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை, சற்றும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து, சங்கீதப் பத்திரிகை ஒன்றின் வடிவில் வந்து சேர்ந்தது. மற்ற வீடுகளுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி அதன் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் மும்பைப் புறநகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, வகுப்பு முழுவதையும் நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் பதினாறு பக்கங்களில் ஒரு பத்திரிகை தயாரிக்க வேண்டும். பொருள் எதுவென்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் மகளின் குழுவுக்குச் சங்கீதம் கிடைத்தது. மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இணையத்திலிருந்து பெயர்த்து எடுத்து ஒட்டக்கூடாது. ஒவ்வொரு மாணவரும் உயிருடனிருக்கும் ஒருவரிடம் நேரில் கேட்டறிந்த செய்தி ஒன்றையாவது எழுத வேண்டும். பத்திரிகை ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் தத்தம் வீட்டு மொழியில் அமைய வேண்டும்.

என் மகள், ஒரு மராத்திப் பெண், ஓர் ஒடியாப் பையன், ஒரு தெலுங்குப் பையன் ஆகிய நால்வரும் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கூடினார்கள். முதல் நாளே அட்டையில் யார் படத்தைப் போடுவது என்பதில் சண்டை மூண்டது. நான்கு பேருக்கும் நான்கு சினிமாப் பாடகர்கள். ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. முடிவில் தெலுங்குப் பையன் ஒரு வழி சொன்னான். எவர் படமும் வேண்டாம். ஏழு ஸ்வரங்களில் முதலாவதான 'ஸ' என்ற எழுத்தை மட்டும் நான்கு லிபிகளில் பெரிதாகப் போடுவோம் என்றான். ஸட்ஜத்தை ஒவ்வொரு பாடகரும் தம் குரலுக்கு ஏற்ற இடத்தில் வைத்துக்கொள்கிறார். இடம் வேறானாலும் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான். பத்திரிகைக்கும் அதுவே பெயராயிற்று.

அடுத்தது பக்கங்களைப் பகுத்தல். பத்திரிகையின் ஏட்டுக் கணக்கு, பார்ப்பதற்குத் தோன்றுவது போல் எளிதன்று. பெரிய தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கங்கள் ஆகும். ஆகவே நடுவில் பின் அடிக்கும் பத்திரிகையின் பக்கங்கள் எப்போதும் நான்கின் மடங்காகவே இருக்கும். பதினாறு பக்கத்துக்கு நான்கு தாள்கள். முதல் தாளின் வெளிப்புறத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அடுத்தடுத்து வரும். உட்புறத்தில் 2, 15. இரண்டாவது தாளில் 14, 3, 4, 13. ஒரே தாளின் ஒரே புறத்தில் சேர்ந்து அச்சாகும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். இந்தச் சூத்திரத்தைக் குழந்தைகள் தாங்களே பழைய நோட்டுத் தாளை மடித்து எண்ணிட்டுக் கண்டுபிடித்தார்கள். 8, 9 ஆகிய நடுப் பக்கங்கள் மாத்திரமே எதிரெதிராகத் திறக்கும்போதும் ஒரே தாளாக, வெட்டில்லாமல் விரியும் என்பதையும் கண்டார்கள். அந்த நடுவிடம் யாருக்கு என்பது அப்போது தீர்மானமாகவில்லை.

சங்கீதத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. காதுக்குரிய பொருளைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். 'இனிமை', 'அற்புதம்' என்ற சொற்களை எத்தனை முறை எழுதினாலும் வாசகருக்கு ஓசை கேட்பதில்லை. நம் கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதியபோது, சாஸ்திர நுட்பம் அறியாதவரும் கச்சேரிக்குப் போய் வந்தது போல் உணர்ந்தார்கள் என்றால், சபையில் நடந்ததை அவர் நடந்தபடி சொன்னதே காரணம். இதை நான் குழந்தைகளிடம் சொன்னபோது, "அப்படியானால் நடந்த கதைகளைத் தேடுவோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் நூலகத்தில் கண்டெடுத்த முதல் கதை எனக்கே வியப்பூட்டியது. மும்பையின் வாள்கேஷ்வரில் 1860ஆம் ஆண்டு பிறந்தவர் விஷ்ணு நாராயண பாத்கண்டே. வக்கீல் தொழில் செய்தவர். பின்பு சங்கீத ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர். வடநாட்டு வித்வான்களின் தொண்டையில் மட்டும் வாழ்ந்துவந்த உருப்படிகளைக் கேட்டு, ஸ்வரக் குறியீட்டோடு எழுதி, மராத்தியில் பல பாகங்களாக வெளியிட்டவர். அவர் 1904ஆம் ஆண்டு தென்னாட்டுக்கு யாத்திரை சென்றபோது எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரைச் சந்தித்தார். முத்துசுவாமி தீக்ஷிதரின் குடும்ப வழியில் வந்த அந்தப் பெரியவர், சின்னசாமி முதலியார் என்ற சங்கீத அபிமானியின் வற்புறுத்தலாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவாலும், தம்மிடமிருந்த கீர்த்தனங்களையெல்லாம் தெலுங்கில் எழுதி அதே 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலாக அச்சேற்றியிருந்தார். தென்னாட்டில் வெங்கடமகி வகுத்த 72 மேளங்களின் முறையை நன்கு ஆராய்ந்த பாத்கண்டே, பின்னர் வடநாட்டு ராகங்களைப் பத்துத் தாட்டுகளில் அடக்கி வகைப்படுத்தினார்.

எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மும்பையிலிருந்து ஒருவர் பாட்டுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் போயிருக்கிறார் என்ற செய்தியை என் மகள் இரண்டு முறை வாசித்துவிட்டு, 4, 5 பக்கங்களை அதற்கு ஒதுக்கினாள்.

மராத்திப் பெண்ணின் மாமா மிரஜில் வசிக்கிறார். விடுமுறையில் அங்கே போய், தம்பூரா செய்யும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து கேட்டு எழுதிவந்தாள். மிரஜ் தம்பூராவின் குடம் பெரிய சுரைக்காயின் ஓடு. பண்டரிபுரத்துப் பக்கம் விளைவது. நம் தஞ்சாவூர்த் தம்பூராவின் குடமோ பலா மரத்தில் குடைவது. மிரஜின் சிதாருக்கும் தம்பூராவுக்கும் 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே ஊரில் வாழ்ந்த கிரானா மரபுப் பெருவித்வான் அப்துல் கரீம் கான் தியாகையரின் கீர்த்தனம் ஒன்றைப் பாடி இசைத்தட்டில் பதிந்தவர். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தவர், உடல் நலங்குன்றியதால் சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கி, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி அங்கேயே உயிர் நீத்தார். ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு, எத்தனையோ பேர் எதையும் அறியாமல் கடந்துபோகும் அந்தச் சிறிய நிலையம் அன்று முதல் வேறாகத் தோன்றுகிறது.

ஒடியாப் பையன் ஒடிஸி நடனத்துக்கு வாசிக்கும் மர்தளத்தைப் பற்றி எழுதினான். தெலுங்குப் பையன் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டான். அந்த வாத்தியம் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் விலக்கி வைக்கப்பட்டிருந்த கதையை, நீதிமன்ற வழக்குப் போல் இரு தரப்பு வாதங்களுடன் எழுதினான். 14ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. நம் மோகனம் இங்கே பூப், ஹிந்தோளம் மால்கௌன்ஸ், கல்யாணி யமன். பெயரை நம்பி ஏமாறக்கூடாத இடங்களும் உண்டு. வடக்கே பைரவி என்பது நம் தோடியின் ஸ்வரங்களில் அமைந்தது. நம் பைரவி வேறு. பெயர் மாறினாலும் ஆள் ஒருவரே. பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு. இந்த அட்டவணையை எங்கள் பகுதி அன்பர்கள் பலர் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் ஆனபின் மீந்து நின்றது என் மகளின் தமிழ்ப் பக்கம். உயிருடனிருக்கும் ஒருவரிடம் கேட்டறிந்து எழுத வேண்டிய கடமையும் அவளுக்கு மீதமிருந்தது. எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கரிசல் காட்டுப் பாட்டு ஏராளமாகத் தெரிந்தவர். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எதற்கும் குறைவில்லை. பேத்தி கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "ஆச்சி, ஒரு தாலாட்டுப் பாடுங்க" என்று உட்கார்ந்தாள்.

"ஏட்டி, வெறுந்தொட்டில ஆட்டக்கூடாதுன்னு தெரியாதா? பிள்ளை இல்லாம யாருக்குத் தாலாட்டு?" என்று அம்மா மறுத்துவிட்டார்.

"சரி, ஒப்பாரி?" என்றாள் விவரம் அறியாத பேத்தி.

"அது வீட்ல வச்சுப் பாடுத பாட்டு இல்ல தாயி. அதை நீ கேக்காமலே இருக்கணும்" என்று சொல்லி அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார்.

மகள் என்னிடம் முறையிட்டாள். நான் அம்மாவை வற்புறுத்தவில்லை. நமக்குச் செய்தியாகத் தோன்றுவது அவருக்கு நம்பிக்கை. வேளை வரும்போதுதான் அந்தப் பாட்டுகளுக்கு வாய் திறக்கும்.

வேளை ஒரு வாரத்தில் வந்தது. ஒடியாப் பையனின் தாயார் வெளியே போக வேண்டியிருந்ததால், அவனுடைய எட்டு மாதத் தங்கையை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். குழந்தை வீறிட்டு அழுதது. பால் புட்டியைத் தள்ளியது, கிலுகிலுப்பையை எறிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு பழைய பருத்திப் புடவையை எடுத்து, ஜன்னல் கம்பியிலும் கட்டிலின் காலிலும் கட்டித் தூளி போட்டுக் குழந்தையைக் கிடத்தினார். பிறகு பையனைப் பார்த்து, இவளுக்குத் தாய்மாமன் உண்டா, எந்த ஊர் என்று விசாரித்தார். பெர்ஹாம்பூரில் ஒருவர் இருக்கிறார் என்றான். அவர்கள் மொழியிலும் மாமனுக்கு 'மாமு' என்றே பெயர் என்று அறிந்து அம்மா மகிழ்ந்தார். அங்கே என்ன விசேஷம் என்றார். பட்டுப் புடவை என்றான்.

அம்மா பாட ஆரம்பித்தார். தாலாட்டில் மாமன் சீர் கொண்டு வருவது நம் வழக்கம். எங்கள் ஊர்த் தாலாட்டில் மாமன் வெள்ளிச் சங்கும் தண்டையும் கொண்டு வருவான். அன்று பெர்ஹாம்பூர் மாமன் ரயிலேறிப் பட்டுக் கொண்டு வந்தான். மற்ற சொற்கள் எல்லாம் நூறாண்டுகளாகக் கரிசல் மண்ணில் புழங்கியவை. ஒடியாக் குழந்தை அழுகையை நிறுத்தியது. சிறிது நேரம் விழித்துப் பார்த்தது. பிறகு கண்ணை மூடியது. அம்மா ஓர் அடியின் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். மகளின் கைப்பேசியில் ஐந்து நிமிஷப் பாட்டுப் பதிவாகியிருந்தது.

"மீதிப் பாட்டு ஆச்சி?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

"பிள்ளைதான் தூங்கிட்டுல்லா. பெறகு யாருக்குப் பாட?" என்றார் அம்மா.

மறுநாளும் அந்தக் குழந்தை வந்தது. மறுநாளும் அம்மா பாடினார். ஆனால் முதல் நாள் பாடிய வரிசையில் இல்லை. சில அடிகள் போயின; சில புதிதாக வந்தன; மாமன் பட்டோடு முந்திரிப் பருப்பும் கொண்டு வந்தான். மகள் குழம்பிவிட்டாள். பத்திரிகையில் போடுவதற்குச் சரியான பாடம் எது? அம்மாவிடம் கேட்டதற்கு, "ரெண்டும் சரிதான்" என்று முடித்துவிட்டார். பெரிய வித்வான்களின் கீர்த்தனங்களை ஏட்டில் இறக்கிய சுப்பராம தீக்ஷிதருக்கும், உஸ்தாதுகளின் வாயைப் பார்த்திருந்து எழுதிய பாத்கண்டேக்கும் எத்தனை இடங்களில் இந்தச் சங்கடம் வந்திருக்கும் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். எழுதியது நிற்கும், ஆனால் ஒரு நாளைய பாட்டாக மட்டுமே நிற்கும். எழுதாவிட்டால் அந்த ஒரு நாளும் நிற்காது.

மகள் முதல் நாள் பாட்டையே எடுத்துக்கொண்டாள். அதைக் கேட்டுக் கேட்டு, தனக்குப் பழகிய தேவநாகரி எழுத்தில் எழுதினாள். க, ச, த, ப ஆகியவற்றின் மென்மையும் வன்மையும் தனித்தனி எழுத்தில் அழகாகவே வந்தன. மராத்தி கற்றதால் ளகரத்துக்கும் எழுத்துக் கிடைத்தது. ஆனால் ழகரம் வந்தபோது பேனா நின்றது. பள்ளியில் கற்ற எழுத்துகளுள் அதற்கு ஒன்றுமில்லை. றகரத்தையும் ரகரத்தையும் ஒன்றாகவே எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டியபோது, அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, "எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே தாயி. நம்ம எழுத்துல எழுதினா நானும் எழுத்துக் கூட்டிப் படிப்பேனே" என்றார்.

அன்று இரவு என் மகள் தமிழ் அரிச்சுவடியைத் தானாக எடுத்தாள். மூன்று வாரங்கள் பிடித்தன. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்; எனக்குத் தெரிந்த வரையில் ஒற்று மிகும் இடங்களைச் சொல்லிக் கொடுத்தேன். கணினியில் தட்டெழுதிப் பார்த்ததில், ஆங்கிலத்துக்காக வகுத்த ஒடுங்கிய பத்தியில் நீண்ட தமிழ்ச் சொற்கள் அடங்கவில்லை. இருபுறமும் ஓரத்தைச் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளம் விழுந்தது. ஆகவே இடப்புறம் மட்டும் சமமாக, பக்கம் முழுவதற்கும் ஒரே பத்தியாக வைக்கலாம் என்று ஒடியாப் பையன் சொன்னான். மராத்திப் பெண்ணோ, அச்செழுத்தே வேண்டாம், கையால் எழுதியதை அப்படியே படம் பிடித்துப் போடுவோம் என்றாள். அதுவே முடிவாயிற்று. நடுப் பக்கங்களை மற்ற மூவரும் மனமுவந்து இந்தப் பாட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 8ஆம் பக்கத்தில் தூளியின் கோட்டோவியமும் ஆங்கிலப் பொழிப்பும்; 9ஆம் பக்கத்தில் என் மகளின் கையெழுத்தில் தமிழ்ப் பாட்டு. பாட்டு அறுந்த இடத்தில் எழுத்தும் அறுந்தது. அதன்கீழ்ப் பக்கத்தின் மூன்றிலொரு பங்கு வெறும் வெள்ளையாக விடப்பட்டது. அடியில் சிறிய எழுத்தில் பாடிய தேதியும், குழந்தையின் வயது எட்டு மாதம் என்ற குறிப்பும் மட்டும்.

அச்சிடும் கணக்கும் சொல்லிவிடுகிறேன். முயல விரும்புவோருக்கு உதவும். வெளித்தாள் ஒன்றை மட்டும் வண்ணத்தில், ஒரு புறத்துக்கு 30 ரூபாய் வீதம் 60 ரூபாய். மற்ற மூன்று தாள்களும் கறுப்பு வெள்ளையில், புறம் 6 ரூபாய் வீதம் 36 ரூபாய். ஆகப் பிரதி ஒன்றுக்கு 96 ரூபாய். பன்னிரண்டு பிரதிகளுக்கு 1,152 ரூபாய். நான்கு வீட்டார் பகிர்ந்துகொண்டதில் தலைக்கு 288 ரூபாய். மடிப்பதும் பின் அடிப்பதும் எங்கள் வீட்டுத் தரையிலேயே நடந்தன.

பள்ளியில் இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண் கிடைத்தது. 9ஆம் பக்கத்தில் இடம் வீணாக விடப்பட்டிருக்கிறது என்று ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். "ஏன் விட்டாய்?" என்று கேட்டதற்கு, "அங்கே குழந்தை தூங்கிவிட்டது" என்று என் மகள் பதில் சொன்னாளாம். வகுப்பே சிரித்ததாம். ஆசிரியையும் சிரித்தாராம், ஆனால் மதிப்பெண்ணைக் கூட்டவில்லை.

வீட்டில் நடந்த பரீட்சைதான் கடுமையானது. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை எழுத்தின்கீழ் நகர்த்தி, கால் மணி நேரம் அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். நான்காவது அடியில் விரல் நின்றது. "இங்க பெரிய ற போடணும்" என்றார். என் மகள் பேனா கொண்டுவந்து பன்னிரண்டு பிரதிகளிலும் அந்த எழுத்தைத் திருத்தினாள். அதற்குப் பிறகு, நாற்பது ஆண்டுகளாக யாரும் கேட்காதிருந்த கும்மிப் பாட்டு ஒன்றை, யாரும் கேளாமலே அம்மா சொல்லத் தொடங்கினார். இப்போது அதற்கென ஒரு தனி நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழில், என் மகள் கையெழுத்தில்.

இதிலிருந்து நான் அறிந்தது இதுதான். குழந்தைக்கு எழுத்து வருவதற்கு, அந்த எழுத்தைப் படிக்கக் காத்திருக்கும் ஒருவர் வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் அப்படி ஒருவர் முன்னறையிலோ, ஊரில் தொலைபேசியின் மறுமுனையிலோ இருக்கிறார். அவருக்கு ஆங்கிலமும் ஹிந்தியும் தெரியாது. அதுவே குழந்தைக்குப் பெரிய பாக்கியம். அவரிடம் பாட்டு இருக்கலாம். பாட்டு இல்லாவிட்டால் விடுகதை, பழமொழி, கோலப் புள்ளிக் கணக்கு ஏதாவது நிச்சயம் இருக்கும். பதினாறு பக்கம் வேண்டுமென்பதில்லை. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். வேளையும் நம்பிக்கையும் அறிந்து கேட்க வேண்டும். அவர் மறுப்பதை விட்டுவிட்டு, தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்து அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகள் இவ்விதம் கேட்டு எழுதும் ஒரு பக்கத்தை மாதந்தோறும் இந்த இதழில், அவர்கள் கையெழுத்திலேயே, பிழையிருந்தால் பிழையுடனேயே வெளியிடலாம் என்பது என் விண்ணப்பம். பிழையைத் திருத்த ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆச்சி இருப்பார். அவர் இருக்கும்போதே இது நடந்தால் நல்லது.